சின் முத்திரை பிடித்தால் கட்டைவிரல் நோட்டு எண்ணுகிறது. என்ன செய்வது?

முன்னாள் காசாளர் (பள்ளத்தூர் பக்கம்)

எல்லோருக்கும் வணக்கம். கேள்வி சிறியதுதான். ஆனால் சுற்றி வளைத்துத்தான் சொல்ல வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு வயது 61. ஒரு வங்கியில் 34 ஆண்டுகள் வேலை பார்த்தேன். அதில் பாதிக்கு மேல் காசாளர் கூண்டுக்குள் கழிந்தது. ஓய்வு பெற்றதும் சென்னை வீட்டைப் பூட்டிவிட்டுச் சொந்த ஊருக்கே வந்துவிட்டேன். காரணம் ஆத்தா. அவளுக்கு 88 வயது. இரண்டு ஆண்டுகளுக்கு முன் வளவில், அதாவது வீட்டின் நடு முற்றத்தில், வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தது. அறுவை சிகிச்சை நன்றாகத்தான் நடந்தது, ஆனாலும் தானாக எழுந்து நடக்கும் தெம்பு திரும்பவில்லை. பகலில் துணைக்கு ஓர் அம்மாள் வருகிறார். காலை ஏழு மணிக்கு வந்து மாலை ஐந்து மணிக்குப் புறப்பட்டுவிடுவார். என் மனைவி மகளின் பிரசவத்துக்காகப் பெங்களூர் போனவள், பேரன் நடக்கட்டும், பேரன் பேசட்டும் என்று அங்கேயே இருக்கிறாள். குறையாகச் சொல்லவில்லை. ஆக, இரவு முழுவதும் நானும் ஆத்தாவும் பதினெட்டு அறைகளும்.

வீட்டில் எட்டுப் பங்காளிகளுக்குப் பங்கு உண்டு. முன்னோருக்குப் படையல் போடும் படைப்புக்கு எல்லோரும் வருவார்கள். முகப்புத் தூணில் சாய்ந்து படம் எடுத்துக்கொள்வார்கள். "நீ இருப்பதால்தான் எங்களுக்கு நிம்மதி" என்று என் தோளைத் தட்டிவிட்டுக் கார் ஏறிவிடுவார்கள். அந்த நிம்மதியில் எனக்கு எத்தனை பங்கு என்று இதுவரை யாரும் பிரித்துச் சொல்லவில்லை.

இரவில் ஆத்தா மூன்று நான்கு தடவை கூப்பிடுவாள். தண்ணீருக்கு, திருப்பிப் படுக்க வைக்க, சில நேரம் சும்மா. போய்ப் பார்த்துவிட்டு வந்து படுத்தால் எனக்குத் தூக்கம் வராது, நெஞ்சு படபடவென்று அடிக்கும். மருத்துவர் இதயத்தைப் பார்த்துக் கோளாறு இல்லை என்றார். ரத்த அழுத்தம் கொஞ்சம் கூடுதல், அதற்கு மாத்திரை. "மனத்தை அமைதியாக வைத்துக்கொள்ளுங்கள்" என்றும் சொன்னார். அது எந்தக் கடையில் கிடைக்கும் என்று கேட்கத் தோன்றியது, கேட்கவில்லை.

காலை நடைப்பயிற்சியில் பழக்கமான நண்பர் ஒருவர் சின் முத்திரையைச் சொல்லிக் கொடுத்தார். கட்டைவிரல் நுனியும் ஆள்காட்டி விரல் நுனியும் தொட வேண்டும், மற்ற மூன்று விரல்கள் நீண்டிருக்க வேண்டும், கையைத் தொடைமேல் மல்லாத்தி வைக்க வேண்டும், மூச்சைக் கவனிக்க வேண்டும். இவ்வளவுதான். முதல் நாள் பட்டாலைக் கூடத்தில் தரையில் உட்கார்ந்தேன். ஆத்தங்குடிக் கல் குளிர்ச்சியாக நன்றாகத்தான் இருந்தது, எழுந்திருக்கத்தான் தூண் தேவைப்பட்டது. மறுநாளிலிருந்து நாற்காலி.

இனிதான் விஷயம். நுனியும் நுனியும் தொட்ட அரை நிமிடத்தில் என் கட்டைவிரல் தள்ளத் தொடங்கிவிடுகிறது. நோட்டு எண்ணுகிற தள்ளல். காசாளராக இருந்தவர்களுக்குத் தெரியும்: நோட்டுக் கட்டை இடக்கையில் மடக்கிப் பிடித்து, ஈரப் பஞ்சில் விரலை ஒற்றி, வலக்கைக் கட்டைவிரலால் ஒவ்வொன்றாகத் தள்ளுவோம். கண் எங்கேயாவது இருக்கும், வாய் வாடிக்கையாளரிடம் பேசிக்கொண்டிருக்கும், விரல் மட்டும் எண்ணிக்கொண்டிருக்கும். ஒட்டுப் போட்ட நோட்டு வந்தால் கண்ணுக்கு முன்னால் விரலுக்குத் தெரிந்துவிடும். அந்த விரல் இப்போது காற்றை எண்ணுகிறது. 37, 38, 39... எண்பதைத் தாண்டும்போது ஆத்தாவின் மாத்திரை தீரப்போவது நினைவுக்கு வரும், பிறகு வீட்டு வரியில் இன்னும் பங்கு அனுப்பாத இரண்டு பங்காளிகள், பிறகு 1996-இல் ஒருநாள் மாலை 500 ரூபாய் கணக்கு உதைத்து என் கைக்காசைப் போட்டது. அந்த 500 எங்கே போனது என்று இன்னமும் தெரியவில்லை. தியானம் முடிந்து எழும்போது முன்பைவிட அதிகக் கோபத்தில் இருக்கிறேன்.

கேட்க வந்தவை மூன்று. என்னைப் போல் கை நிற்காதவர்களுக்கு வேறு முத்திரை உண்டா? பத்து நிமிடம் ஆனதும் கட்டைவிரல், ஆள்காட்டி, நடுவிரல் மூன்றிலும் குறுகுறுவென்று எறும்பு ஊர்கிறது. சக்தி ஏறுகிறது, நல்ல அறிகுறி என்கிறார் நண்பர், உண்மையா? மூன்றாவதைக் கேட்கக் கூச்சமாக இருக்கிறது. கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தால் ஆத்தா கூப்பிடுவது கேட்காமல் போய்விடுமோ என்று ஒரு காது வெளியிலேயே நிற்கிறது. படுக்கையில் ஒருவரை வைத்துக்கொண்டு தனக்காக என்று பத்து நிமிடம் ஒதுக்குகிறவர்கள் அதை எப்படிச் செய்கிறீர்கள்?

கிண்டல் செய்யலாம். பதிலும் சொல்லிவிட்டுச் செய்யுங்கள்.


ஆலமரத்தடி (சிவகங்கைச் சீமைத் திருப்பத்தூர்)

ஐயா, வணக்கம். நான் தமிழாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். வியாழக்கிழமைகளில் பட்டமங்கலம் போய்வருகிற பழக்கம் உண்டு. அந்த உரிமையில் சொல்கிறேன்.

நீங்கள் பிடிக்கிற சின் முத்திரையைக் காட்டுகிற தட்சிணாமூர்த்தி, சிவன் கோயில்களில் தெற்குப் பார்த்து இருப்பார். பட்டமங்கலத்தில் கிழக்குப் பார்த்து இருக்கிறார். கார்த்திகைப் பெண்கள் ஆறு பேருக்கு அட்டமாசித்தி என்னும் எட்டுப் பெரும் சித்திகளை உபதேசித்த கதை திருவிளையாடற் புராணத்தில் வருகிறது. அந்தப் பெண்கள் முதலில் சொன்னதைக் கவனிக்காமல் விட்டுவிட்டார்கள். அதற்குத் தண்டனையாக ஆலமரத்தடியில் ஆயிரம் ஆண்டுகள் கல்லாய்க் கிடந்தார்கள். பிறகு சொக்கநாதரே குருவாக வந்து மறுபடியும் பாடம் நடத்தினார். முப்பது ஆண்டுகள் வகுப்பெடுத்தவள் என்பதால் எனக்கு இந்தக் கதை மிகவும் பிடிக்கும். கவனம் சிதறியவர்களுக்கு இரண்டாம் முறை வகுப்பெடுத்த வாத்தியார் அவர். உங்கள் 500 ரூபாயை அவர் பெரிதாக எடுத்துக்கொள்ள மாட்டார்.

சைவ சித்தாந்தத்தில் இந்த முத்திரைக்குச் சொல்லும் பொருள் இது: கட்டைவிரல் இறைவன், ஆள்காட்டி விரல் உயிர், மற்ற மூன்றும் ஆணவம், கன்மம், மாயை. உயிர் அந்த மூன்றையும் விட்டு விலகி வந்து இறைவன்மேல் சாய்கிறது. சாய்கிறது என்ற சொல்லைக் கவனியுங்கள். நீங்கள் நோட்டைப் பிடிக்கிற அழுத்தத்தில் பிடிக்கிறீர்கள், அதனால்தான் விரல் அலுவலகத்துக்குக் கிளம்பிவிடுகிறது. சுட்ட அப்பளத்தை உடையாமல் எடுப்பீர்களே, அவ்வளவு அழுத்தம் போதும். தோளையும் முழங்கையையும் முதலில் தொங்க விட்டுவிட்டு, கடைசியாக விரலுக்கு வாருங்கள். பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள்.

அப்படியும் நிற்கவில்லையென்றால் தியான முத்திரைக்கு மாறலாம். மடியில் இடது உள்ளங்கை, அதன்மேல் வலது உள்ளங்கை, இரண்டு கட்டைவிரல் நுனிகளும் பட்டும் படாமல் தொட்டுக்கொண்டிருக்க வேண்டும். புத்தர் சிலைகளில் பார்த்திருப்பீர்கள். இதில் ஒரு வசதி உண்டு. கட்டைவிரல்கள் முட்டிக்கொண்டு மேலே கூம்பினால் உள்ளே ஏதோ இறுகுகிறது, தளர்ந்து விழுந்தால் தூக்கம் வருகிறது. கண்ணைத் திறக்காமலே தெரிந்துவிடும்.

ஆனால் உங்களுக்கு நான் சொல்ல நினைப்பது வேறு. எண்ணுகிற விரலை ஏன் அடக்க வேண்டும்? வேலை கொடுத்துவிடுங்கள். நான்கு விரல்கள், விரலுக்கு மூன்று கணுக்கள், ஒரு கையில் பன்னிரண்டு. ஒரு மூச்சு உள்ளே போய் வெளியே வந்ததும் கட்டைவிரல் ஒரு கணு நகரட்டும். சுண்டுவிரலின் அடிக்கணுவில் தொடங்கினால் ஆள்காட்டி விரலின் நுனிக்கணுவில் முடியும். ஒன்பது சுற்று 108. செபம் செய்பவர்கள் கரமாலை என்று இன்னும் நுட்பமாகச் செய்வார்கள். அதில் மோதிர விரலின் நடுக்கணுவில் தொடங்கிப் பத்து எண்ணுவார்கள், நடுவிரலின் கீழ்க் கணுக்கள் இரண்டும் மேரு, தாண்டக்கூடாது. நமக்கு அந்தக் கட்டுப்பாடெல்லாம் வேண்டாம். எண்ணிக்கை தவறினால் திரும்ப முதல் கணு. யாரும் கைக்காசு போட வேண்டியதில்லை.

மூச்சு உள்ளே போக நான்கு எண்ணிக்கை, வெளியே வர ஆறு. திருமூலர் 16, 64, 32 என்று ஒரு கணக்குச் சொல்லியிருக்கிறார். எண்ணைப் பார்த்ததும் உங்களுக்குக் கை துறுதுறுக்கும், வேண்டாம். நடுவில் உள்ள 64 மூச்சை உள்ளே நிறுத்துவது. ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறவர் துணையில்லாமல் அந்தப் பக்கம் போகக்கூடாது.

குறுகுறுப்பைப் பற்றி எனக்குத் தெரியாது. தெரிந்தவர்கள் சொல்லட்டும்.


தேவகோட்டை வேதாளம்

காசாளரே, கிண்டலுக்கு அனுமதி கொடுத்ததற்கு நன்றி.

முத்திரை பிடித்து உட்காருவதில் தவறில்லை. இந்தக் காணொளிக்காரர்கள்தான் தொல்லை. கட்டைவிரல் நெருப்பு, ஆள்காட்டி காற்று, நடுவிரல் ஆகாயம், மோதிர விரல் நிலம், சுண்டுவிரல் நீர். இது ஒரு நம்பிக்கை, இருந்துவிட்டுப் போகட்டும். அதிலிருந்து ஒரே தாவாகத் தாவி, இந்த விரலை இப்படி மடக்கினால் தைராய்டு போகும், அந்த விரலை அப்படி மடக்கினால் சர்க்கரை இறங்கும் என்கிறார்கள். எங்கள் உறவில் ஒருவர் அதை நம்பி மாத்திரையை நிறுத்தினார். தினமும் 48 நிமிடம் கடிகாரம் வைத்துப் பிடித்தார். காலில் வந்த புண் ஆறவில்லை, கடைசியில் ஒரு விரலை எடுத்தார்கள். கால்விரல். கைவிரல்கள் பத்தும் பத்திரமாக இருக்கின்றன, இன்னமும் முத்திரை பிடிக்கிறார்.

நம் பிள்ளையார்பட்டிப் பிள்ளையாரைப் பாருங்கள். மற்ற ஊர்களில் நான்கு கை, இவருக்கு இரண்டே கை. அதிலும் இடக்கையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, வருகிறவர்களை வேடிக்கை பார்க்கிற மாதிரி உட்கார்ந்திருக்கிறார். அந்த நிம்மதி போதும் எனக்கு.

குறுகுறுப்பு சக்தி என்று சொன்ன நண்பரை மாற்றுங்கள்.


எலும்பும் நரம்பும் (காரைக்குடி)

ஐயா, நான் இயன்முறை மருத்துவம் செய்கிறவன். வேதாளம் சொன்ன கடைசி வரிக்கு வழிமொழிகிறேன்.

கட்டைவிரல், ஆள்காட்டி, நடுவிரல் என்று மூன்றையும் குறிப்பிட்டு எழுதியதால் கேட்கிறேன். மோதிர விரலில் நடுவிரல் பக்கத்துப் பாதியும் மரக்கிறதா? சுண்டுவிரல் நன்றாக இருக்கிறதா? விடியற்காலையில் கை மரத்து விழிப்பு வந்து, உதறினால் சரியாகிறதா? மூன்றுக்கும் ஆமாம் என்றால் மணிக்கட்டில் நரம்பு நெரிபடுவதாக இருக்கலாம். மணிக்கட்டின் உள்பக்கம் ஒரு குறுகலான வழி இருக்கிறது. விரல்களை மடக்கும் ஒன்பது தசைநாண்களும் அவற்றோடு ஒரே ஒரு நரம்பும் அதற்குள்தான் போகின்றன, மேலே ஒரு பட்டை இறுக மூடியிருக்கிறது. உள்ளே கொஞ்சம் வீங்கினாலும் முதலில் நசுங்குவது அந்த நரம்புதான். சுண்டுவிரலுக்குப் போகும் நரம்பு வேறு வழியில் போகிறது, அதனால் அது தப்பித்துக்கொள்ளும்.

பல ஆண்டுகள் விரலால் செய்த வேலையும் சேர்ந்திருக்கலாம். ஆனால் எனக்கு முதல் சந்தேகம் உங்கள் ஆத்தாவைத் தூக்குவதில்தான். அக்குளில் கையைக் கொடுத்து மணிக்கட்டை மடக்கித் தூக்குகிறீர்களா? அப்படித் தூக்காதீர்கள். ஒரு பருத்தித் துப்பட்டியை நான்காக மடித்து அவருடைய முதுகிலிருந்து தொடைவரை அடியில் விரித்துவிடுங்கள். நகர்த்த வேண்டியபோது துப்பட்டியைப் பிடித்து இழுங்கள், மணிக்கட்டு நேராக இருக்கட்டும், பலம் காலிலிருந்து வரட்டும். உங்கள் இடுப்பும் தப்பிக்கும்.

முத்திரையில் உட்காரும்போதும் இதே கதைதான். கையைத் தொடை முனையில் வைத்தால் மணிக்கட்டு பின்னால் வளைந்து தொங்கும். முழங்கைக்கு அடியில் ஒரு தலையணை வைத்து, முன்கையும் உள்ளங்கையும் ஒரே கோட்டில் இருக்குமாறு பாருங்கள். நெஞ்சுக்கு முன்னால் கைகூப்பிப் பத்து நிமிடம் அழுத்திப் பிடிப்பதும் இப்போதைக்கு வேண்டாம். சாமியை ஒரு நொடி கும்பிட்டால் போதும், கோபித்துக்கொள்ள மாட்டார்.

சர்க்கரையும் தைராய்டும் பார்த்துவிடுங்கள், இரண்டும் இதற்குக் காரணமாவது உண்டு. இரவில் மணிக்கட்டை நேராக நிறுத்தும் பட்டை ஒன்றைக் கட்டிக்கொண்டு தூங்கினால் பலருக்குச் சில வாரங்களில் குறையும். கையிலிருந்து சாமான் நழுவுகிறது, கட்டைவிரல் அடிச் சதை வற்றுகிறது என்றால் ஒத்திப்போடாமல் மருத்துவரிடம் போங்கள். இன்னொன்று, இதற்குச் சம்பந்தமில்லாதது, ஆனாலும் சொல்லிவிடுகிறேன்: ஒரு பக்கம் கை முழுவதும் திடீரென்று மரத்து, வாய் கோணினால், பேச்சுக் குழறினால், அது வேறு விஷயம். உடனே 108 ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள்.

மூச்சைப் பற்றி அந்த அம்மா எழுதியது சரி. வெளிமூச்சு விடும்போது இதயம் கொஞ்சம் மெதுவாகத் துடிக்கும், உடம்பின் அமைப்பே அப்படி. நான்கும் ஆறும் பத்து நொடி என்றால் நிமிடத்துக்கு ஆறு மூச்சு. படபடப்பு இருக்கிற நேரத்தில் அந்த வேகம் உதவும்.


முன்னாள் காசாளர்

தம்பி, மூன்று கேள்விக்கும் ஆமாம். விடியற்காலை நான்கு மணிக்குக் கையை உதறிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன், ஆத்தா பார்த்தால் "பூச்சியா?" என்று கேட்பாள். அக்குளில் கை கொடுத்துத் தூக்குவதும் உண்மை. பார்த்த மாதிரி எழுதியிருக்கிறீர்கள்.

டீச்சர், நிமிடத்துக்கு ஆறு மூச்சு என்றால் ஒரு சுற்றுக்கு இரண்டு நிமிடம், ஒன்பது சுற்றுக்குப் பதினெட்டு. கணக்குப் பார்த்துவிட்டேன், இனி உட்கார வேண்டியதுதான் பாக்கி.

வேதாளத்துக்கு: நண்பரை மாற்ற முடியாது. ஊரில் காலையில் நடக்கிறவர்கள் இரண்டே பேர்.


ஓலைக்காரி (கீழச்சிவல்பட்டிப் பக்கம்)

அண்ணனுக்கு வணக்கம். எல்லோரும் விரலைப் பிடித்துக்கொண்டார்கள், மூன்றாவது கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லையே.

நான் ஓலையில் கொட்டான் என்கிற கூடை முடைகிறவள். மாமனார் நான்கு வருடம் படுக்கையில் இருந்தார், நான்தான் பார்த்தேன். நீங்கள் எழுதிய அந்த வெளியில் நிற்கிற காது எனக்கும் இருந்தது. குளிக்கும்போதுகூடத் தண்ணீரை நிறுத்தி நிறுத்திக் கேட்பேன். பிறகு ஒருநாள் பூசை மணியை எடுத்து அவர் கட்டிலில் கட்டிவிட்டேன். வேண்டுமென்றால் அடியுங்கள், அடித்தால் வருவேன், அடிக்காவிட்டால் வரமாட்டேன் என்று சொன்னேன். சொல்லும்போது எனக்கே குரல் நடுங்கியது. ஆனால் அன்றைக்குத்தான் தலைக்கு ஊற்றிச் சீயக்காய் போட்டுக் குளித்தேன். இப்போது கடைகளில் பித்தானை அழுத்தினால் அடுத்த அறையில் ஒலிக்கிற மணி வந்துவிட்டது, விலையும் அதிகமில்லை. உங்கள் ஆத்தாவுக்கு மணி ஆட்டுவது பழக்கமாக இருக்கும், அதனால் பூசை மணியே நல்லது.

பங்காளிகளிடம் பணத்தைத் தவிர எதையும் கேட்டதில்லை என்று நினைக்கிறேன். "மாதத்தில் இரண்டு நாள் வந்து இரவு படுத்துக்கொள்" என்று ஒருவரையாவது கேளுங்கள். வரமாட்டார்கள் என்று நாமே முடிவு கட்டிவிடுகிறோம். என் நாத்தனாரைக் கேட்க எனக்கு மூன்று வருடம் ஆயிற்று. கேட்டதும் வந்துவிட்டார், "நீ கூப்பிடவே இல்லையே" என்றார். அந்தக் கோபம் எனக்கு இன்னும் இருக்கிறது, அது வேறு கதை.

கையைப் பற்றி எனக்குத் தெரிந்தது ஓலைதான். ஓலை காய்ந்திருந்தால் விரலைக் கிழிக்கும், ஈரம் கூடினால் வழுக்கும். நனைத்து, துணியில் சுற்றி வைத்து, பதம் வந்ததும் எடுக்க வேண்டும். கோபமாக உட்கார்ந்தால் பின்னல் இறுகி வாய் கோணிக்கொள்ளும், கொட்டானைத் தரையில் வைத்தால் ஆடும். அவிழ்த்துத் திரும்பப் போடுவேன். மூலை திரும்பி முடிப்பதற்குள் கோபம் எங்கே என்று தெரியாது. இதை முத்திரை என்று சொல்வார்களா என்று தெரியவில்லை. இரவு வேலை முடிந்ததும் இரண்டு கையையும் இளஞ்சூட்டு வெந்நீரில் ஐந்து நிமிடம் வைத்திருப்பேன். அந்த ஐந்து நிமிடம் யார் கூப்பிட்டாலும் கையில் ஈரம் என்று சொல்லிவிடலாம், அது ஒரு சௌகரியம்.

படுத்திருக்கிறவர்களின் கையும் சும்மா இருக்காது அண்ணன். போர்வையைப் பிய்க்கும், கட்டில் கம்பியைச் சுரண்டும். மாமனாருக்கு ஓலை நறுக்கைக் கொடுத்துவிடுவேன், மடித்துக்கொண்டே இருப்பார். ஆத்தா அந்தக் காலத்தில் என்ன கைவேலை செய்வார்? பழைய ஆச்சிகள் கொட்டானுக்கு மணி கோப்பார்கள், லேஸ் பின்னி உறை போடுவார்கள். அந்த உறை போட்ட கொட்டான்களை மாதிரிக்காகக் கொண்டுவந்து காட்டுவார்கள், பார்த்தால் கண்ணை எடுக்க முடியாது.


முன்னாள் காசாளர் (மூன்று வாரம் கழித்து)

எல்லோருக்கும் நன்றி. நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

சர்க்கரை எல்லைக்கோட்டில் நிற்கிறது. தைராய்டு சரியாக இருக்கிறது. மணிக்கட்டுக்குப் பட்டை வாங்கியாயிற்று, விடியற்காலை உதறல் பாதிக்குப் பாதி குறைந்திருக்கிறது. துப்பட்டி உத்தியைத் துணைக்கு வரும் அம்மாளுக்கும் காட்டினேன். இதை ஏன் இரண்டு வருடத்துக்கு முன்னால் சொல்லவில்லை என்று என்னைக் கோபித்துக்கொண்டார்.

தங்கச்சி, பூசை மணியைக் கட்டினேன். முதல் இரவு ஆத்தா 41 தடவை அடித்தாள், எண்ணினேன். ஒவ்வொரு தடவையும் போய் நின்றால் "வந்துவிட்டாயே!" என்று சிரிப்பு. எண்பத்தெட்டு வயதில் ஒரு விளையாட்டுச் சாமான் கிடைத்த மாதிரி. மூன்றாம் நாள் சலித்துவிட்டது. இப்போது இரவுக்கு இரண்டு தடவைதான் அடிக்கிறாள். மணி அடிக்காத நேரத்தில் எனக்குக் காது உள்ளே வந்துவிடுகிறது, அதை ஒப்புக்கொள்ள வேண்டும். பங்காளிகளில் இருவரைக் கேட்டேன். ஒருவர் வேலை இருக்கிறது என்றார். மதுரையில் இருக்கிறவர் இந்தச் சனிக்கிழமை வருகிறார். அவர் சமையல் எப்படி என்று தெரியவில்லை.

டீச்சர், கணு எண்ணுவது எனக்குச் சரியாக இருக்கிறது. 108 இதுவரை முடிந்ததில்லை. மூன்று சுற்று, ஒருநாள் ஐந்து. மோதிர விரலுக்கு வரும்போதுதான் எப்போதும் தவறுகிறது, ஏன் என்று புரியவில்லை. தவறினால் முதல் கணுவுக்குப் போகிறேன். காசாளர் கூண்டில் இது நடந்திருந்தால் வியர்த்திருக்கும்.

ஆத்தாவின் கைவேலை பற்றிக் கேட்டீர்கள். போன செவ்வாய்க்கிழமை இரவு இரண்டே முக்காலுக்கு மணி அடித்தது. போனேன், தண்ணீர் கொடுத்தேன். கை இறுக மூடியிருந்தது. நல்லெண்ணெயைச் சுட வைத்து, சுண்டுவிரலிலிருந்து ஒவ்வொரு விரலாகப் பிரித்துத் தடவிவிட்டேன். மூன்று விரல்கள் பிரிந்தன. ஆள்காட்டி விரலும் கட்டைவிரலும் மட்டும் நுனியோடு நுனி ஒட்டிக்கொண்டிருந்தன, பிரிக்கப் போனால் கையை இழுத்துக்கொண்டாள். அழுத்தமே இல்லை, டீச்சர் சொன்ன அப்பளப் பிடிதான். மற்ற மூன்று விரல்களும் எண்ணெய் மினுமினுப்போடு நீண்டிருந்தன. கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றேன்.

"என்ன ஆத்தா பிடித்திருக்கிறாய்?" என்று கேட்டேன்.

"நூல் அறுந்துவிட்டது. முனையை விட்டால் எல்லாம் பிரிந்துவிடும்" என்றாள்.

நான் பிறப்பதற்கு முன்னால் லேஸ் பின்னியிருக்கிறாள் என்பது எனக்கு அப்போதுதான் தெரியும். மறுநாள் இரண்டாங்கட்டு அறைப் பெட்டகத்தைக் குடைந்தேன். வெள்ளை நூற்கண்டு ஒன்று, துருப்பிடித்த கொக்கி ஊசி ஒன்று, பாதி முடிந்த உறை ஒன்று கிடைத்தன. ஊசியைக் கொடுக்கப் பயம், நூலை மட்டும் கொடுத்தேன். இப்போது நூல் முனையைப் பிடித்துக்கொண்டு தூங்குகிறாள், நான் பக்கத்து நாற்காலியில் கணு எண்ணுகிறேன்.

தம்பிக்கு ஒரு சந்தேகம். எங்கள் தலைவாசல் சாவி ஒரு சாண் நீளம், இரும்பு. இரண்டு சுற்றுச் சுற்றினால்தான் திறக்கும். பட்டையோடு சுற்ற முடியவில்லை. பட்டையைக் கழற்றிச் சுற்றினால் மூன்று விரலும் மறுபடி மரக்கின்றன. இதற்கு ஏதாவது பயிற்சி உண்டா?


எலும்பும் நரம்பும் (காரைக்குடி)

ஐயா, பயிற்சி உங்களுக்கு வேண்டாம். பூட்டுக்கு எண்ணெய் விடுங்கள். ஆத்தாவுக்குத் தடவிய நல்லெண்ணெயை விடாதீர்கள், பிசுக்குப் பிடிக்கும். தையல் இயந்திரத்துக்கு விடும் எண்ணெய் நான்கு சொட்டுப் போதும். சாவியின் தலை வளையத்தில் ஒரு சிறு கட்டையைக் குறுக்கே செருகி, அதைப் பிடித்துச் சுற்றினால் மணிக்கட்டு வளையாது. சனிக்கிழமை வருகிற பங்காளியிடமே அந்தச் சாவியைக் கொடுத்துப் பாருங்கள்.